மழை வரும் என்று ஞாயிறு சைக்கிள் ரைடை நிறுத்துவது சரியா? (கடலூர் – பாகூர் பக்கம் ஓட்டுபவர்கள் வாருங்கள்)

கெடிலக்கரை
ஞாயிறு, காலை 11.20

வணக்கம். இன்று ஐந்து பேர் வருவதாகப் பேச்சு. ஆல்பேட்டையில் காலை 5.30க்கு வந்து நின்றது நானும் என் மகளும் மட்டும்தான். நேற்று இரவு குழுவில் யாரோ "நாளை மழைக்கு 80 சதவீதம் வாய்ப்பு" என்று போனில் இருந்து ஒரு படம் போட்டார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக "நான் வரவில்லை" என்று எழுதிவிட்டார்கள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்று காலை எப்படிப் போனது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போது வெளிச்சம் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே கடல் பக்கம் மட்டும் ஒரு கறுத்த திட்டு, தலைக்கு மேலே நட்சத்திரம். பெரியகங்கணாங்குப்பம் தாண்டி முள்ளோடையில் டீ குடித்தோம். கன்னியக்கோவிலில் இடது பக்கம் பாகூர் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் சம்பா நடவு. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

6.25க்கு முதுகுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. வயலின் மேல் மழை ஓடி வரும் சத்தம். மகள்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள். பேருந்து நிழற்குடைக்குள் போய் நின்றோம். சரியாக இருபது நிமிடம், நல்ல அடி. அப்புறம் யாரோ குழாயை மூடியது போல நின்றுவிட்டது. ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் அடித்தது, தண்ணீருக்கு மேலே கொக்குக் கூட்டம். மூலநாதர் கோயில் பக்கம் இட்லி சாப்பிட்டோம். ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். நான்கு மணி நேரத்தில் மழை பெய்தது இருபது நிமிடம்தான்.

இத்தனை வருஷம் ஓட்டியதில் எனக்குப் புரிந்தது இது. நம் பக்கம் நாள் முழுக்க ஊற்றும் நாட்கள் வருஷத்தில் கொஞ்சம்தான். புயல், காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்த நாட்களை விட்டுவிடுங்கள், அன்றைக்கு நானும் சைக்கிளைத் தொட மாட்டேன். மற்ற நாட்களில் மழை எந்தப் பக்கத்தில் இருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் இடையில் இருக்கும் நல்ல மூன்று மணி நேரத்தைப் பிடித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கடலில் இருந்து வருகிறது. பெரும்பாலும் ராத்திரியும் விடியற்காலையும் கரையோரத்தில் பெய்கிறது. தேவனாம்பட்டினத்தில் கொட்டும்போது நெல்லிக்குப்பத்தில் மண் காய்ந்து கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனி முதல் புரட்டாசி வரை நேர்மாறு: மேற்கே பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, சாயங்காலம் இடியோடு மேகம் கிளம்பி நம் பக்கம் வருகிறது. அந்த மாதங்களில் காலை அநேகமாகச் சுத்தமாக இருக்கும்.

இதை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? மழைக்காலத்தில் ஓட்டுகிறீர்களா, நிறுத்திவிடுகிறீர்களா?

---

ஊசுட்டேரிப் பறவை
ஞாயிறு, மதியம் 12.05

அண்ணா, படிக்கவே ஆசையாக இருக்கிறது. 80 சதவீதம் படம் போட்டது நான்தான். மன்னிக்க வேண்டும். ஆனால் நான் வராததற்குக் காரணம் மழை இல்லை, காற்று.

நான் புதுச்சேரியில் இருந்து வருகிறேன். உங்களுக்கு வாடைக் காற்று வரும்போது எதிரே, திரும்பும்போது முதுகில். எனக்கு அப்படியே தலைகீழ். தெற்கே கிருமாம்பாக்கம் வரை மிதிக்காமலே வந்துவிடுவேன். வெயில் ஏறிய பிறகு காற்றும் ஏறும். தவளக்குப்பத்தில் இருந்து நோணாங்குப்பம் பாலம் வரை அதை எதிர்த்து மிதிப்பது பெரும்பாடு. போன மார்கழியில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் மேல் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்பது சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். வாடை மாதங்களில் கடலூர்க்காரர்களுக்கு அது தானாக அமைந்துவிடுகிறது. எங்களுக்கு அமைவதில்லை.

அதனால் ஐப்பசி முதல் தை வரை நான் தனியாக வடக்கேயோ மேற்கேயோ போய்விடுகிறேன். ஊசுட்டேரி, அங்கிருந்து பத்துக்கண்ணு, நேரம் இருந்தால் சங்கராபரணி ஓரமாகத் திருவக்கரை. அங்கே கல்மரப் பூங்கா இருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிச் செம்மண்ணில் கிடக்கின்றன. தூறலில் நனைந்தால் அந்தக் கல்லில் மரத்தின் ரேகை பளிச்சென்று தெரியும். வெயில் நாளில் போனவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

---

உப்பனாறு
ஞாயிறு, மதியம் 2.40

கெடிலக்கரை சார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காலை மழைக்கு நானும் பயப்படுவதில்லை. சாயங்கால மழை வேறு. "அந்தி மழை அழுதாலும் விடாது" என்று சும்மா சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம், வடலூரில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சத்திய தருமசாலையில் மதியம் சாப்பிட்டேன். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. யார் போனாலும் சாப்பாடு உண்டு. நிதானமாகப் புறப்பட்டதுதான் தப்பு. குறிஞ்சிப்பாடி தாண்டும்போது மணி நான்கரை இருக்கும். பின்னால் மேற்கே வானம் ஊதா நிறத்தில் இருந்தது. இன்னும் தூரம் இருக்கிறது, மிதித்தால் கடலூர் போய்விடலாம் என்று நினைத்தேன். பதினைந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் வயலில் தனியாக நின்ற ஒரு பனையில் இடி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். உச்சி எரிந்தது. நான் அப்போது ஒரு புளிய மரத்தடியில் ஒதுங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அப்புறம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தார்கள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

தயவுசெய்து எல்லோரும் இதை மனதில் வையுங்கள். மின்னல் தெரிந்ததில் இருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். பதினைந்து எண்ணினால் ஐந்து கிலோமீட்டர். அதுவே ஆபத்தான தூரம்தான். சத்தம் காதில் விழுந்துவிட்டாலே நீங்கள் அதன் எட்டும் தூரத்துக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வயல்வெளிச் சாலையில் சைக்கிள்மேல் உட்கார்ந்திருப்பவர்தான் அங்கே உயரமான பொருள். மரத்தடி, கம்பிவேலி, திறந்த கொட்டகை எதுவும் வேண்டாம். நாலு சுவர் உள்ள கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். மழை நின்றதும் கிளம்பிவிடுகிறோம் பாருங்கள், அது தப்பு.

---

கெடிலக்கரை
ஞாயிறு, மாலை 4.10

உப்பனாறு, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பதிவில் இடியைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன் எழுதியிருக்க வேண்டும். காலையில் நாங்கள் ஒதுங்கிய நிழற்குடையும் மூன்று பக்கம் திறந்ததுதான். இன்று இடி இல்லை, ஆனால் இருந்திருந்தால் அது போதாது. இனிமேல் பாகூர் வழியில் சுவர் உள்ள இடங்கள் எவை என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிறேன்.

---

மஞ்சக்குப்பம் டீச்சர்
ஞாயிறு, மாலை 6.30

எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மழையை விட வெயில்தான் பயம்.

நான் ஓட்டுவது என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது, முன்னால் கூடை உண்டு. அதில்தான் சனி, ஞாயிறு திருவந்திபுரம், பாலூர் என்று போய் வருகிறேன். (முகூர்த்த நாளில் திருவந்திபுரம் வேண்டாம். ஒரே நாளில் அத்தனை கல்யாணம் நடக்கும், வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.) கேப்பர் மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவேன், அதில் ஒன்றும் குறைவில்லை. மேலே முந்திரித் தோப்புக் காற்று வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பேன்.

போன சித்திரையில் பாலூரில் இருந்து கிளம்பப் பத்தரை ஆகிவிட்டது. அன்றைக்குக் கடல்காற்று வரவே இல்லை. மேல்காற்று அனலாக அடித்தது. பாதி வழியில் வியர்ப்பது நின்று, தலை சுற்றி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாலையோரம் நுங்கு விற்ற அம்மா பிடித்து உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். அவர் இல்லையென்றால் விழுந்திருப்பேன்.

அதற்கப்புறம் கவனித்துப் பார்த்ததில், கோடையில் கடல்காற்று பதினொன்று பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட்டால் அந்த நாள் தப்பித்தது. மேல்காற்று பலமாக இருந்து அதைத் தள்ளிப் பிடித்துவிட்டால் இரண்டு மணி வரை கொதிக்கும். வீட்டு மொட்டை மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். காலை எட்டு மணிக்கே துணி கடலைப் பார்த்து விறைப்பாக ஆடினால் அன்று தூரம் போகாதீர்கள். சித்திரை, வைகாசியில் எனக்கு எட்டரை மணிதான் எல்லை. பாட்டிலில் வெறும் தண்ணீர் வேண்டாம், உப்புப் போட்ட மோர் அல்லது பழைய சோற்றுத் தண்ணீர். எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை என்றாலும் சரிதான்.

---

டைனமோ
ஞாயிறு, இரவு 9.15

டீச்சர் அக்கா சொன்ன துணிக் கணக்கு அருமை. நாளைக்கே பார்க்கிறேன்.

என் பங்குக்கு வண்டி விஷயம். கடலூரில் பழுதுவேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மழையில் ஓட்டியதால் கெட்ட சைக்கிளை விட, ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தியதால் கெட்ட சைக்கிள்தான் அதிகம். கடற்கரை ஊர், காற்றிலேயே உப்பு. நனைந்த செயின் ஒரே ராத்திரியில் செம்பட்டையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய பனியனால் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மண் ஒட்டும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசுக்காகிவிடும்.

பிரேக். ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டை பிரேக் என்றால், நனைந்த முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைக்கத்தான் போகும், அதற்கப்புறம்தான் பிடிக்கும். அதனால் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே லேசாக அழுத்திக்கொண்டே வரவும். டயரில் காற்றை ஒரு பிடி குறைத்தால் ஈரத் தார்ச் சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகத்தான் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கி இழுத்துவிடும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு அரவைக் காலத்தில் டிராக்டர் சக்கரத்தில் வந்த சேறும் கரும்புச் சோகையும் சாலையில் கிடக்கும்; தூறல் விழுந்தால் அது சோப்பு மாதிரி.

இன்னொன்று, மட்கார்டு. அழகு போய்விடும் என்று கழற்றிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் முழு மட்கார்டு இல்லாமல் ஓட்டினால் முதுகில் ஒரு கோடு, வாயில் சாலைத் தண்ணீர். ஆனால் பாகூர்ப் பக்கம் களிமண் பாதையில் இறங்கினால் அதே மட்கார்டில் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அங்கே தார்ச் சாலையை விட்டு இறங்க வேண்டாம்.

---

பாகூர் ஏரிப் பாசனம்
திங்கள், காலை 5.50

எல்லோருக்கும் வணக்கம். நான் சைக்கிள் ரைடு போகிறவன் இல்லை. வயலுக்குச் சைக்கிளில் போகிறவன். ஊர்ப் பெயர் பார்த்து உள்ளே வந்தேன்.

டைனமோ தம்பி சொன்னது ரொம்பச் சரி, ஆனால் மட்கார்டுக்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மேல் சைக்கிள், பைக் எல்லாம் ஓட்டுகிறார்கள். கோடையில் பரவாயில்லை. இப்போது கரை ஊறிப் போயிருக்கிறது. சக்கரம் பதிந்த தடத்தில் தண்ணீர் நிற்கும், அது மெல்ல இறங்கும், கரை அரிக்க ஆரம்பிக்கும். ஏரி நிறைந்து இருக்கும் கார்த்திகையில் ஒரு சின்னக் கசிவு என்றாலே எங்களுக்குத் தூக்கம் போய்விடும். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்தவர்கள் கரையில் ஒரு குழி என்றாலும் பயப்படுவோம்.

ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் வர வேண்டும். எங்களுக்குச் சந்தோஷம்தான். இது மழைத் தண்ணீரில் மட்டும் நிறையும் ஏரி இல்லை. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணைத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. மேற்கே மலைப் பக்கம் மழை பெய்தால் இங்கே வெயிலிலும் ஏரி ஏறும். பழைய ஊரும்கூட: பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேட்டில் இங்கே இருந்த கல்விச்சாலைக்கு ஊர்கள் கொடுத்த செய்தி இருக்கிறது. சைக்கிளைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டுக் கரைமேல் நடந்து வாருங்கள். நடந்தால்தான் பறவையும் பக்கத்தில் தெரியும்.

தை, மாசியில் அறுவடை ஆனதும் சாலையோரம் நெல் காயப் போடுவோம். களம் போதாமல்தான் அப்படிச் செய்கிறோம். அதன்மேல் ஏற்றாமல் கொஞ்சம் ஒதுங்கிப் போனால் புண்ணியம்.

---

கெடிலக்கரை
திங்கள், காலை 7.30

ஐயா, நேற்று நாங்களும் கரைமேல் கொஞ்ச தூரம் ஓட்டினோம். தெரியாமல் செய்தது. இனி நடந்தே வருவோம். இப்படி எடுத்துச் சொன்னதற்கு மனமார நன்றி.

---

முந்திரித்தோப்பு
திங்கள், இரவு 8.45

நான் பண்ருட்டிப் பக்கம். இங்கே ஓட்டுபவர்களுக்கு நிழல்தான் எல்லாம். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரை கடந்தது. அதற்கு முந்தைய தோப்புச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சித்திரை மதியத்திலும் பலா, முந்திரி நிழலிலேயே கிலோமீட்டர் கணக்கில் போகலாம். ஒரே ராத்திரியில் எல்லாம் சாய்ந்தது. என் அப்பா வைத்த பலா ஒன்றுகூட மிஞ்சவில்லை. திரும்ப வைத்தவை இப்போதுதான் சாலைமேல் கை நீட்டுகின்றன. ஆனியில் பழ வாசனையோடு அந்த நிழலில் ஓட்ட ஒரு தடவை வாருங்கள், நானே சுளை அறுத்துத் தருகிறேன்.

தரைப்பாலம் பற்றி யாரும் சொல்லவில்லை. கெடிலம், மலட்டாறு இரண்டிலும் தரைப்பாலங்கள் உண்டு. மேலே தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதான் என்று தோன்றினாலும் திரும்பிவிடுங்கள். அடியில் தார் இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. உங்கள் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழாத நாளிலும் ஆற்றில் வெள்ளம் வரும், பாகூர் ஐயா சொன்ன அதே காரணம்தான்.

---

ஊசுட்டேரிப் பறவை
செவ்வாய், காலை 6.40

ஒரு உபயோகமான விஷயம். சதவீதப் படத்தை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படம். நமக்குச் சென்னை ரேடார், காரைக்கால் ரேடார் இரண்டுமே எட்டும். அடுத்தடுத்து இரண்டு படங்களைப் பார்த்து, மழைத் திட்டு அரை மணியில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால், நம் தலைமேல் எப்போது வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்று காலை கடலில் ஒரு திட்டு தெரிந்தது. 6.15க்கு வந்துவிடும் என்று எழுதி வைத்தேன், 6.25க்கு வந்தது.

---

மஞ்சக்குப்பம் டீச்சர்
செவ்வாய், இரவு 7.55

தம்பி, இது நல்லது. ஆனால் தட்டான் தாழப் பறப்பதையும் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதையும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டுதான் இருப்பேன். சிக்னல் இல்லாத இடத்திலும் அவை வேலை செய்யும்.

அப்புறம், போனுக்குத் தண்ணீர் புகாத உறை என்று ஒரு கடையில் விலை கொடுத்து வாங்கினேன், முதல் மழையிலேயே உள்ளே ஈரம். பால் கவரைக் கழுவிக் காயவைத்து இரண்டாக மடித்துக் கட்டியதில் இன்று வரை ஒரு சொட்டு போகவில்லை.

---

கெடிலக்கரை
சனி, இரவு 8.20

நாளை 5.30, ஆல்பேட்டை. இதுவரை ஆறு பேர் சொல்லியிருக்கிறீர்கள். புயல் அறிவிப்பு எதுவும் இல்லை. ரேடாரில் கடல்மேல் சின்னச் சின்னத் திட்டுகள். நனைவோம், மாற்றுத் துணி கொண்டு வாருங்கள். இடி கேட்டால் கன்னியக்கோவில் முனையில் கடைகள் இருக்கின்றன, சுவருக்குள் ஒதுங்கிவிடலாம்.

ஊசுட்டேரிப் பறவைக்கு: விடியற்காலையில் வாடை அவ்வளவாக இருக்காது. நீங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பி வந்தால் ஏழரைக்குள் ஏரியைப் பார்த்துவிட்டு, காற்று ஏறுவதற்கு முன் திரும்பிவிடலாம். நோணாங்குப்பம் பாலம் வரை நாங்கள் இரண்டு பேர் உங்களுக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்துக் கொண்டு வந்து விடுகிறோம். உப்பனாறு சம்மதித்துவிட்டார்.

---

ஊசுட்டேரிப் பறவை
சனி, இரவு 8.31

வருகிறேன் அண்ணா.

---

பாகூர் ஏரிப் பாசனம்
ஞாயிறு, மாலை 5.15

காலையில் ஏழு சைக்கிள்கள் கோயில் மதில் ஓரம் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். எல்லோரும் கரையில் நடந்து போனீர்கள். நான் மதகுப் பக்கம் மண்வெட்டியோடு இருந்தேன், தூறலில் கூப்பிட முடியவில்லை. அடுத்த தடவை வாய்க்கால் வாய் வரை வாருங்கள், தண்ணீர் உள்ளே விழும் இடத்தைக் காட்டுகிறேன். இப்போது இரண்டு அடி ஏறியிருக்கிறது.